வழி சொன்னவர்: திருவண்ணாமலைப் பாதைகள் சில

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட ரயிலில் 16 வயது மாணவர் ஒருவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறி அமர்ந்தார். அவர் செல்ல விரும்பிய ஊர் திருவண்ணாமலை. அவர் கையிலிருந்த பயணச்சீட்டோ திண்டிவனத்திற்கு உரியது. வீட்டில் கிடந்த பழைய நிலப்பட நூல் ஒன்றைப் புரட்டி, திருவண்ணாமலைக்கு மிக அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனமே என அவர் முடிவு செய்திருந்தார். நூல் அச்சான காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். பின்னர் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்குத் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் அகலப் பாதை வந்துவிட்டது. பாதை வந்த செய்தியைப் பழைய படம் அறியவில்லை.

அப்பெட்டியில் வெண்தாடி மௌலவி ஒருவரும் பயணம் செய்தார். ஒடுங்கிப்போய்த் தனியே அமர்ந்திருந்த சிறுவரிடம் எங்கே போகிறீர் என வினவினார். திருவண்ணாமலைக்கு என்றதும், தாமும் அதே பாதையில்தான், அதற்கு முந்திய நிலையமாகிய திருக்கோயிலூருக்குச் செல்வதாகச் சொன்னார். திருவண்ணாமலைக்கே ரயில் போகிறதா எனச் சிறுவர் வியந்தார். சீட்டு எந்த ஊருக்கு எனக் கேட்டறிந்த பெரியவர், திண்டிவனம் வரை போக வேண்டியதில்லை, விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும் என விளக்கினார். இவ்வளவுதான் நிகழ்ந்தது. அச்சிறுவர் பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்த வேங்கடராமன். மௌலவியின் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

1931-இல் வெளிவந்த பி. வி. நரசிம்ம சுவாமியின் வாழ்க்கை வரலாற்று நூல் தொடங்கி, ரமணரைப் பற்றி எழுதியோர் பலரும் இச்சந்திப்பைக் குறிப்பிடுகின்றனர். ரமணரின் அடியார்கள் இதனை அருளின் செயல் எனக் கொள்வதுண்டு. அது அவர்தம் நம்பிக்கை. வரலாற்று மாணாக்கராகிய நமக்கு இந்நிகழ்ச்சி வேறொரு காரணத்தால் முக்கியமாகப் படுகிறது. திருவண்ணாமலை வட்டாரத்தின் வரலாற்றில் முஸ்லிம்கள் எங்கே வருகின்றனர் எனப் பாடநூல்களைப் புரட்டினால் இரண்டே இடங்களில் காண்கிறோம்: ஒன்று மதுரை சுல்தானின் வாள், மற்றொன்று ஹைதர் அலியின் படை. தலைமுறை தலைமுறையாக இச்சாலைகளில் வணிகம் செய்தும் உறவினர் வீடுகளுக்குச் சென்றும் வந்த எளிய மனிதர், எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதை அறிந்த மனிதர், அப்பக்கங்களில் இடம்பெறவில்லை. ரயில் பெட்டியில் தென்படும் இந்த மௌலவி அப்படிப்பட்டவர்.

அவர் சொன்ன வழியில் நாமும் ஒருமுறை நடந்து பார்க்க விரும்பினோம். வேங்கடராமன் முழுவழியையும் ரயிலில் கடக்கவில்லை. அண்ணன் கல்லூரிக் கட்டணத்திற்காக எடுத்துக்கொள்ளச் சொன்ன 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்து வந்தவர் அவர். திண்டிவனம் சீட்டுக்கு 2 ரூபாய் 13 அணா போயிற்று. திருச்சியில் அரையணாவுக்குப் பேரிக்காய் வாங்கினார். விடிவதற்கு முன் விழுப்புரத்தில் இறங்கியபோது எஞ்சியது இரண்டரை அணா. ஊருக்குள் நடந்து வழிப்பலகைகளைப் பார்த்தார். மாம்பழப்பட்டு என ஒரு பலகை இருந்தது. அது திருவண்ணாமலைக்குப் போகும் வழியில் உள்ள ஊர் என்பது அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் தயக்கம். உணவு விடுதிக்காரர் ஒருவர் சோறிட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தார். பின்னர் ரயில் நிலையம் சென்று, கையிலிருந்த காசு எதுவரை கொண்டுபோகுமோ அதுவரை சீட்டு வாங்கினார். அது மாம்பழப்பட்டு வரை. அங்கிருந்து ஏறத்தாழ 10 மைல் நடந்து மாலையில் அறையணிநல்லூரை, இன்றைய அரகண்டநல்லூரை, அடைந்தார்.

ஒரு மார்கழி மாதத்தில் நண்பர் இருவருடன் அந்த 10 மைலை நாம் நடந்தோம். இருப்புப்பாதையின் மீதோ அதன் ஓரத்திலோ நடக்க முடியாது. ரயில்வே சட்டம் அதனை அத்துமீறலாகக் கருதுகிறது. மேலும், இது வண்டி ஓடும் பாதை. மீட்டர் அகலமாக இருந்தது அகலப்பாதையாக மாற்றப்பட்டு, இன்று முன்னைவிட வேகமான வண்டிகள் அதில் செல்கின்றன. ஆகவே ஊர்ச்சாலைகளிலும் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடந்தோம். வலப்புறமும் இடப்புறமுமாக மாறி மாறித் தண்டவாளம் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது. கரும்பு, நெல், மணிலா, சில இடங்களில் சவுக்குத் தோப்பு. மேற்கே செல்லச் செல்ல மண் சிவந்து, நிலத்திலிருந்து பாறைகள் தலை நீட்டத் தொடங்குகின்றன.

பழைய நிலப்படத்தை நம்பி ஏமாந்த சிறுவரின் கதையைப் பேசிக்கொண்டே போன நாம், கைப்பேசி காட்டிய படத்தை நம்பி ஒரு மணி நேரம் வீணாக்கினோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படத்தில் குறுக்குவழி ஒன்று தெளிவாக இருந்தது. நேரில் அவ்விடத்தில் ஏரி நிரம்பிக் கிடந்தது. கோடையில் காய்ந்த ஏரிக்குள் மாடுகள் போகும் தடத்தைத்தான் படம் பாதையெனக் காட்டியிருக்க வேண்டும். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் எங்களைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "எங்க பாய் போவணும்?" என்றார்.

"அரகண்டநல்லூருங்க ஐயா."

"நடந்தா? பஸ்ஸு இருக்குதே."

"நடந்து போகலாம்னுதான் வந்தோம்."

"இதுக்குள்ள தண்ணி நிக்குது, போவ முடியாது. மதகுப் பக்கமா கரை மேலயே போங்க. ரெண்டு பனைமரம் ஒண்ணா நிக்கும். அங்க எறங்கினா ஆயந்தூர் ரோடு."

இரண்டு பனைமரங்களும் அவர் சொன்னபடியே ஒன்றாக நின்றன.

இந்த வட்டாரத்திற்கும் வழி சொல்லுதலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்தை ஆண்ட நன்னன் என்னும் தலைவனைப் பாடுவது. சங்கப் பெயர் செங்கண்மா. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட இப்பாட்டிற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயருண்டு. ஆற்றுப்படை என்பதே வழி சொல்லும் இலக்கிய வகை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனை நிறுத்தி, இன்ன வழியே இன்னாரிடம் செல்க எனக் கூறுவது அதன் அமைப்பு. ஏனைய ஆற்றுப்படைகளில் தலைவனின் புகழ் மேலோங்கி நிற்கும். மலைபடுகடாத்தில் பாதையே பெரிதும் பேசப்படுகிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு கிடக்கும் புற்றும் குழியும், வழுக்கும் பாறைகள், தினைப்புனங் காப்போர் கவணில் எறியும் கற்கள் என ஒவ்வொன்றாக எச்சரித்துச் செல்கிறான் வழி சொல்பவன். எங்கே இரவு தங்கலாம், எவர் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதுவரை சொல்கிறான். தானே நடந்து பார்த்தவன் அல்லாமல் வேறொருவன் இவற்றைச் சொல்ல இயலாது.

அவற்றுள் ஓர் அறிவுரை நம்மை நெடுநேரம் நிறுத்தியது. பாதைகள் பிரிந்து குழப்பும் இடத்தை அடைந்தால், செல்ல வேண்டிய வழியைத் துடைத்துத் தெளிவாக்கி, புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு கூத்தர்களுக்கு அவன் சொல்கிறான். நிலம் பெயர்ந்து புதிதாக வருவோர் வழி தவறாதிருக்க வேண்டும் என்பதே காரணம். முன்செல்பவனுக்குப் பின்வருபவன் யாரென்று தெரியாது. பின்வருபவனும் முடிந்தவனை அறியமாட்டான். வழியில் கிடக்கும் இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனவும், வழி தெரியாதவருக்கு வழி காட்டுவது தருமம் எனவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை அறிந்த நம் வாசகர்க்கு இப்பழந்தமிழ் வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

அதே பகுதியில் வழிகளின் பிரிவில் நிற்கும் நடுகற்களையும் பாட்டு சொல்கிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுப்பைப் புரட்டினால், பல்லவர் காலந்தொட்டு ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் மாண்ட எளிய மனிதர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலக் கல் ஒன்று கோவிவன் என்னும் நாய்க்கும் நன்றி சொல்கிறது. தலைவன் வீழ்ந்தபின் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த நாட்டில் மௌலவியின் பெயரைக் கேட்டு வைக்க ஒருவரும் இல்லாமற் போனது வியப்புதான்.

நிற்க. ஆயந்தூரைக் கடந்தபின் சாலையோரம் வயதான இலுப்பை மரங்கள் சில நின்றன. உடன் வந்த நண்பர், ஒலிவ மரத் தோப்புகளினூடே பழைய ரயில் பாதையில் நடக்கும் ஐரோப்பியரைப் பற்றிப் படித்ததாகச் சொன்னார். அவர் குறிப்பிட்டது ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில் உள்ள 'எண்ணெயின் பசுவழி'. ஹயேன், கோர்தோபா மாவட்டங்களின் ஒலிவ எண்ணெயைச் சுமந்து செல்ல 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த இருப்புப்பாதை அது. நம் விழுப்புரம் - காட்பாடிப் பாதைக்கு ஏறத்தாழ ஒத்த வயதுடையது. 1980-களில் வண்டிகள் நின்றன. தண்டவாளம் அகற்றப்பட்ட தடம் நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய 128 கிலோமீட்டர் வழியாயிற்று. பழைய இரும்புப் பாலங்களின் மீது நின்று பார்த்தால் கண்ணெட்டும் தொலைவுவரை ஒலிவ மரங்களே என எழுதுகின்றனர்.

அவ்வழியின் பெயரிலேயே நமக்கு அறிமுகமான சொல் ஒன்று உள்ளது. ஸ்பானிய மொழியில் எண்ணெயைக் குறிக்கும் 'அசெய்தே' என்பது அரபியின் 'அஸ்ஸைத்' அன்றி வேறில்லை. ஒலிவக் காயைக் குறிக்கும் 'அசெய்துனா' நாம் சொல்லும் ஜைத்தூனே. முஸ்லிம் ஆட்சி அகன்று பல நூற்றாண்டுகளாகியும் சமையலறையில் அச்சொல் வாழ்கிறது. ஹயேன் என்பது அரபியரின் ஜய்யான். 1246-இல் காஸ்தீலிய அரசர் வசமான அந்நகரில்தான், நம் அரபி மதரசாக்களில் ஓதப்படும் 'அல்ஃபிய்யா' இலக்கண நூலை யாத்த இப்னு மாலிக் பிறந்தார். ஜய்யானில் பிறந்து திமிஷ்கில் மறைந்தவரின் செய்யுட்களை, அவ்விரு நகரங்களையும் கண்டிராத தமிழ்நாட்டு மாணவர்கள் மனனம் செய்கின்றனர். நூல்களும் நெடுந்தூரம் பயணம் செய்பவைதாம்.

ஜைத்தூன் தமிழகத்தில் விளைவதில்லை. திருமறையில் அதன் பெயரை ஓதி வளர்ந்த நம் முன்னோர் மரத்தைக் கண்டதில்லை. விளக்கெரிக்க அவர்க்கு வாய்த்தது இலுப்பை. பங்குனி, சித்திரையில் விடியற்காலையில் சொரியும் அதன் பூ தின்னத் தகும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பது அதனால் வந்த பழமொழி. வித்தைச் செக்கிலிட்டால் கெட்டியான எண்ணெய் வரும், குளிரில் உறைந்துவிடும். கோயிலிலும் வீட்டிலும் அது எரிந்தது; பிண்ணாக்கு தலைக்குத் தேய்த்துக் குளிக்கப் பயன்பட்டது. மண்ணெண்ணெய் வந்தது, பின்னர் மின்விளக்கு வந்தது. இலுப்பைக்கு வேலை குறைந்தது. ஒலிவத்திற்கு அந்நிலை நேரவில்லை, அது சமையலில் நிலைத்துவிட்டமையால். அங்கே மரம் வாழ்கிறது, ரயில் மறைந்தது. இங்கே ரயில் ஓடுகிறது, மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இலுப்பைத் தோப்பினூடே ஒரு நடைவழி இங்கும் வேண்டும் என்றார் நண்பர். அதற்காக நம் ரயிலை நிறுத்திவிட வேண்டாம் என்றோம் நாம்.

பழைய ரயில் பாதை என்றதும் ஹிஜாஸ் ரயில்வே நம்மில் பலருக்கு நினைவில் எழும். 1900-இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது தொடங்கி 1908-இல் மதீனாவை எட்டிய அப்பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பினர். ஒட்டக அணியில் ஏறத்தாழ நாற்பது நாள் வழியைச் சில நாள்களாகச் சுருக்கிய அதன் தென்பகுதி முதல் உலகப் போரில் சிதைந்தது. அதனை விரிக்க இங்கு இடமில்லை.

வழி சொல்வோரைப் பற்றி இதுவரை பேசினோம். வழியை வெட்டியோரைப் பற்றியும் பேசாவிட்டால் நேர்மையாகாது. 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தான். கோயிலில் இன்றும் வல்லாள மகாராஜா கோபுரம் என ஒன்று நிற்கிறது. மதுரையில் அப்போது சுல்தான்களின் ஆட்சி. முதுமையில் வல்லாளன் பெரும்படையுடன் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். கியாசுத்தீன் தாமகானி எதிர்பாராத் தாக்குதலால் அவனை வென்று சிறைப்பிடித்தார். விடுவிப்பதாகச் சொல்லி அவனது செல்வங்களைப் பெற்றுக்கொண்டு, பின் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார். இது 1342-ஐ ஒட்டி நிகழ்ந்தது.

இதை நமக்குச் சொல்பவர் பகைவர் அல்லர். அச்சுவரில் தொங்கியதைத் தம் கண்ணால் கண்ட இப்னு பதூதா. சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அதாவது சகலை உறவு. ஆயினும் அவர் மறைக்கவில்லை. வல்லாளனின் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்களும் இருந்தனர் என அவரே எழுதுகிறார். அவர்களைக் குற்றவாளிகள் என்றும் ஓடிவந்த அடிமைகள் என்றும் இகழ்ந்தாலும், எண்ணிக்கையை மறைக்கவில்லை. இரு மதங்களின் போராகவே இதனைக் காட்ட விழைவோர், இருதரப்பிலும், இவ்வரியை வசதியாகக் கடந்துவிடுகின்றனர்.

சுல்தானுடன் சென்ற பயணம் ஒன்றையும் அவர் விவரிக்கிறார். வழி முழுவதும் மரமும் நாணலும் அடர்ந்த காடு. படையில் பெரியவர் சிறியவர் ஒவ்வொருவரும் கோடரி ஏந்தி மரம் வெட்டி வழி செய்ய வேண்டுமெனச் சுல்தான் ஆணையிட்டார். காட்டில் அகப்பட்டவர்களைக் கழுவேற்றினர். பெண்டிரையும் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் தாம் அறிந்ததில்லை என்றும், இதன் பொருட்டே இறைவன் அவரது முடிவை விரைவாக்கினான் என்றும் கருத்துப்பட எழுதியுள்ளார் இப்னு பதூதா. காழியாகப் பணியாற்றிய ஒருவர் தம் உறவினரான சுல்தானுக்கு எதிராகப் பதிந்துவைத்த சாட்சியம் இது. தாமகானிக்காக வழக்காட நமக்குக் கடமை ஏதுமில்லை. அக்கடமை இருப்பதாக எண்ணி நம்மவர் சிலர் எழுதும் கட்டுரைகள் இப்னு பதூதாவின் நேர்மைக்கு அருகிலும் வருவதில்லை.

வல்லாளனைத் திருவண்ணாமலை மறக்கவில்லை. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அவனுக்கு ஒரு சருக்கத்தையே ஒதுக்கியது. பிள்ளைப்பேறு இல்லாத அவனுக்கு இறைவனே பிள்ளையானான் என்பது ஐதிகம். அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார், நகரை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டிற்கு எழுந்தருளி, மகன் என்ற முறையில் வல்லாளனுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடைபெறுகிறது. அரசியல் வரலாற்றில் கொடிய முடிவாக நின்ற செய்தியை, தந்தையை இழந்த மகனின் துயரமாக இவ்வூரார் மாற்றிக்கொண்டனர். தோல் உரிக்கப்பட்ட செய்தி அச்சடங்கில் இல்லை. பழிவாங்கும் சொல்லும் இல்லை. அது நம் கவனத்திற்குரியது.

ஹைதர் அலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படித்த செய்திதான். 1767 செப்டம்பரில் ஹைதரும் நிஜாம் அலியும் சேர்ந்து செங்கம் கணவாயிலும், அதே மாத இறுதியில் திருவண்ணாமலையிலும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படையுடன் மோதினர். இரண்டிலும் வெற்றி கும்பினிக்கே. கூத்தர்கள் புல் முடிந்துசென்ற அதே செங்கத்து வழியில் பீரங்கிகள் இழுத்துச் செல்லப்பட்டன. சென்னையின் புறநகர்வரை குதிரைப்படையுடன் சென்றிருந்த இளைஞர் திப்பு, தந்தையின் தோல்விச் செய்தி கேட்டுத் திரும்பினார். கோடரி ஏந்தி வந்தவரானாலும் பீரங்கி இழுத்து வந்தவரானாலும், பெயரும் நாளும் துல்லியமாகப் பதிவாகியுள்ளன.

மீண்டும் 1896-க்கு வருவோம். நடந்து களைத்த வேங்கடராமன் அறையணிநல்லூர்க் கோயிலில் அமர்ந்தார். கதவடைக்கும் நேரம் வந்ததும் எழுப்பப்பட்டார். உணவு கிடைக்கவில்லை. அங்கிருந்து கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குச் சென்றபோது, கோயில் மேளக்காரர் தமக்குரிய பிரசாதத்தைச் சிறுவருக்குக் கொடுக்கச் செய்தார். மறுநாள் முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவரின் வீட்டில் உணவளித்தனர். காதிலிருந்த கடுக்கனை அவரிடம் ஈடு வைத்து 4 ரூபாய் பெற்றார். செப்டம்பர் 1-ஆம் நாள் காலை திருவண்ணாமலையில் ரயிலை விட்டு இறங்கினார். அதன்பின் 1950-இல் மறையும்வரை அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

இப்பயணத்தில் உதவியவர்களை எண்ணிப் பார்த்தால் மௌலவி, விடுதிக்காரர், மேளக்காரர், பாகவதர் என நால்வர் தெளிவாகத் தெரிகின்றனர். பாகவதரின் பெயர் மட்டுமே நிலைத்தது. கடுக்கன் ஈடு வைத்தமையால் விலாசம் எழுதிக் கொடுக்கும் தேவை எழுந்தது; விலாசம் எழுதப்பட்டதால் பெயரும் நிலைத்தது என ஊகிக்கலாம். காசு கைமாறிய இடத்தில் பெயர் பதிகிறது. வழி கேட்டவரும் சொன்னவரும் பெயர் கேட்டுக்கொள்வதில்லை.

மௌலவியைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றைச் சேர்த்தால் ஒரு சிறு பத்தி தேறும். முதியவர். தென்னகத்திலிருந்து திருக்கோயிலூருக்கு வந்துகொண்டிருந்தார். விழுப்புரத்தில் வண்டி மாறுவதும் நிலையங்களின் வரிசையும் அவருக்கு மனப்பாடம். ஆகவே புதிய பாதையைப் பலமுறை பயன்படுத்தியவராக இருக்க வேண்டும். ஓதிக்கொடுக்கவோ, உறவினரைக் காணவோ, வணிகத்திற்கோ வந்திருக்கலாம். திருவண்ணாமலைக்குப் போகும் பிராமணச் சிறுவரிடம் பேச அவர் தயங்கவில்லை. அவர் சொல்லை ஏற்கச் சிறுவரும் தயங்கவில்லை. அது அக்காலத்தில் குறிப்பிடத் தேவையற்ற இயல்பான செயலாக இருந்தது. அதை இன்று தனியே எடுத்துக் கட்டுரையாக எழுத வேண்டியிருப்பதில்தான் நம் கவலை அடங்கியுள்ளது.

அரகண்டநல்லூரை நாம் எட்டியபோது அஸ்ர் நேரம் கடந்துகொண்டிருந்தது. திருக்கோயிலூர் என்று பெயர்ப்பலகை தாங்கிய ரயில் நிலையம் உண்மையில் பெண்ணையாற்றின் இக்கரையில், அரகண்டநல்லூரிலேயே உள்ளது. திருக்கோயிலூர் நகரம் ஆற்றுக்கு அக்கரையில். ஆக, மௌலவி இங்கே இறங்கி, ஊருக்குள் செல்ல ஆற்றைக் கடந்தாக வேண்டும். அது ஆவணி மாதம்; ஆற்றில் நீர் எவ்வளவு இருந்ததோ, மணலில் நடந்தாரோ, பரிசலில் சென்றாரோ அறியோம். நடைமேடையில் ஒளு செய்யக் குழாயைத் தேடினோம். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பூ வியாபாரப் பெண்மணி தலை நிமிராமலே, "அந்தக் கொழாயில தண்ணி வராது பாய், அந்தாண்ட கடைசில இருக்குது பாருங்க" என்றார்.